புதியவர்க்குக் கார் விற்பாரில்லை

விளையாட்டு யாவர்க்கும் பொது என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். கிரிக்கெட் ஆட விரும்பும் இளைஞன் ஒருவன், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் கையிலுள்ள மட்டையைப் போன்றதொரு மட்டையைக் கடையிலே விலைகொடுத்து வாங்கிவிடலாம். அவனுக்கும் அவருக்குமுள்ள வேறுபாடு ஆற்றலில் உள்ளதேயன்றி மட்டையில் உள்ளதன்று. ஆனால், விளையாடும் கருவியையே விலைக்கு வாங்க முடியாத விளையாட்டு ஒன்றும் உலகில் உண்டு. போர்மியுலா வன் என்று வழங்கும் மோட்டார்ப் பந்தயமே அது. பணம் இருப்பினும், திறமை வாய்ந்த சாரதி கிடைப்பினும், வெல்லக்கூடிய கார் ஒன்றைப் புதியவர்க்கு விற்பார் அங்கே இல்லை. விற்க ஒருவர் முன்வந்தாலும் விதி இடங்கொடாது. ஆகவே புதிய குழுவொன்றின் போராட்டம் பந்தயப் பாதையில் தொடங்குவதில்லை. அதற்கு நெடுநாள் முன்னரே, நல்ல காரைத் தேடும் முயற்சியில் அது தொடங்கிவிடுகிறது. பல குழுக்கள் அங்கேயே தோற்றும் போகின்றன.

இந்நிலை இயற்கையாக அமைந்ததா, அன்றி மனிதர் வகுத்துக்கொண்டதா? இது வகுத்துக்கொண்டதே என்பதும், மாற்றத்தக்கதே என்பதும் எமது துணிபு.

பழைய நிலையை முதலில் நோக்குவோம். உலகச் சாரதிப் போட்டி 1950ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் திடலில் ஆரம்பமாயிற்று. அக்காலத்தில் காரைச் செய்வோர் வேறு, ஓட்டுவோர் வேறாக இருப்பது வழக்கத்துக்கு மாறானதன்று. இத்தாலியின் மஸராட்டி, இங்கிலாந்தின் கூப்பர், லோட்டஸ் ஆகிய கம்பனிகள் தாமும் பந்தயத்தில் ஈடுபட்டன. தாம் செய்த கார்களைப் பிறருக்கும் விற்றன. அவ்வாறு வாங்கியோரில் தலையாயவர் ரொப் வோக்கர் என்னும் ஆங்கிலேயர். அவர் தொழிற்சாலை எதனையும் வைத்திருந்தவரல்லர். ஆயினும் 1958ஆம் ஆண்டு ஆர்ஜென்ரீனப் பந்தயத்தில், அவருடைய கூப்பர் காரை ஓட்டிய ஸ்டேர்லிங் மொஸ் முதலிடம் பெற்றார். எஞ்சின் சாரதிக்குப் பின்னே அமைந்த கார் ஒன்று உலகப் போட்டியில் பெற்ற முதல் வெற்றி அது. கூப்பர் கம்பனிக்கும் அதுவே முதல் வெற்றி. ஈராண்டு கழித்து, 1960இல், மொனாக்கோவில் லோட்டஸ் காருக்கு முதல் வெற்றியைத் தேடிக் கொடுத்தவர்களும் இவ்விருவரே. காரைச் செய்த லோட்டஸ் குழு தானே வெற்றிபெற 1961ஆம் ஆண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

செய்தவனை வாங்கியவன் முந்திய கதை இது. விலைக்கு வாங்கிய காரால் வெல்வது ஒரு வெற்றியா என்று அன்று எவரும் கேட்டிலர். வாங்கிய காரைச் செப்பனிடுவதிலும், தக்க சாரதியைத் தேர்வதிலும், பந்தய நாளில் எடுக்கும் முடிவுகளிலும் ஒருவன் தன் திறனைக் காட்ட இடமிருந்தது. 1968இல் பிரித்தானியப் பந்தயத்தில், வோக்கருடைய லோட்டஸ் காரை ஓட்டி ஜோ சிபேர்ட் வென்றார். அத்துடன் அவருடைய குழுவின் வெற்றி வரிசை முடிவுற்றது.

எஞ்சினைப் பொறுத்தும் இவ்வாறே ஒரு திறந்த வாயில் இருந்தது. லோட்டஸ் தலைவர் கொலின் சப்மனின் தூண்டுதலினால், போர்ட் கம்பனி ஒரு லட்சம் பவுண் கொடுக்க, கொஸ்வேர்த் நிறுவனத்தின் கீத் டக்வேர்த் புதிய எஞ்சின் ஒன்றை வகுத்தார். 1967ஆம் ஆண்டு ஒல்லாந்தின் சண்ட்வூர்ட் திடலில், முதன்முறை ஓடியபோதே ஜிம் கிளார்க் கையில் அது வெற்றி பெற்றது. இத்தகைய எஞ்சின் லோட்டஸ் குழுவிடம் மட்டும் இருந்திருப்பின் ஏனையோர் பந்தயத்தை விட்டே விலகியிருப்பர். ஆனால் அடுத்த ஆண்டிலிருந்தே அது பிறருக்கும் விற்கப்பட்டது. அதன் பயன் யாது? சிறு பட்டறை ஒன்றும், கைதேர்ந்த சிலரும், ஓர் எஞ்சினுக்குரிய பணமும் உடையவர் பெராரி போன்ற பெருங் கம்பனியோடு தோள் தட்டி நிற்கலாயினர். 1983ஆம் ஆண்டு வரை அவ்வெஞ்சின் வழியினவற்றுக்கு 155 வெற்றிகள் கிட்டின. மக்லாரன், டிரெல், வில்லியம்ஸ் முதலிய குழுக்கள் வளர்ந்தது இந்நிழலிலேயாம்.

இங்கே ஒன்றை மறைத்தல் கூடாது. விற்பவன் தன் கைக்கத்தியின் கூர்மையை விற்பதில்லை. கென் டிரெல் என்பவரின் அனுபவம் இதற்குச் சான்று. மர வியாபாரியான அவர், பிரான்சின் மட்ரா கம்பனி செய்த காரில் போர்ட் எஞ்சினை வைத்து, 1969இல் ஜாக்கி ஸ்டுவேர்ட்டை உலக வீரராக்கினார். மறு ஆண்டு மட்ரா கம்பனி தன் சொந்த எஞ்சினையே பயன்படுத்த வேண்டும் என்று நின்றது. வேறிடத்தில் கார் தேடிய டிரெல், புதிதாகத் தோன்றிய மார்ச் கம்பனியிடம் வாங்கினார். அக்காரால் ஸ்பானியப் பந்தயத்தில் ஸ்டுவேர்ட் வென்றார் எனினும், அதன் குறைகள் விரைவிலே புலப்பட்டன. பிறர் கையை எதிர்பார்த்து வாழ்தல் இயலாது என உணர்ந்த டிரெல், டெறெக் கார்ட்னர் என்னும் பொறியியலாளரைக் கொண்டு மறைவாகத் தமக்கென ஒரு காரைச் செய்வித்தார். 1971இல் உலகப் பட்டங்கள் இரண்டும் அந்தச் சொந்தக் கார்களுக்கே கிடைத்தன.

பிராங்க் வில்லியம்ஸ் கதையும் இத்தகையதே. 1977இல் தாம் புதிதாக அமைத்த குழுவுக்கு, மார்ச் கம்பனியின் பழைய கார் ஒன்றை வாங்கியே அவர் ஓட்டுவித்தார். அவ்வாண்டில் ஒரு புள்ளியும் கிட்டவில்லை. ஆனால் அந்த ஓராண்டில் குழு வாழ்ந்தது. பட்ரிக் ஹெட் சொந்தக் காரை வரைந்தார். 1979இல் முதல் வெற்றி. 1980இல் உலகப் பட்டம். அவ்வாண்டு உட்படச் செய்வோர்க்குரிய பட்டம் மொத்தம் ஒன்பது முறை அக்குழுவுக்குக் கிட்டியது.

இவ்விரு வரலாறுகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வாங்கினர், வாங்கியதனோடு மல்லுக்கட்டிக் கற்றனர், கற்றபின் படைத்தனர். வாங்குதல் அவர்கட்குப் பள்ளிக்கூடமாயிற்று. அப்பள்ளிக்கூடமே பின்னர் மூடப்பட்டது.

1981ஆம் ஆண்டில் ஏற்பட்ட கொன்கோர்ட் உடன்படிக்கைக்குப் பின், ஒவ்வொரு குழுவும் தன் காரின் முதன்மைப் பகுதிகளைத் தானே வகுத்திருத்தல் வேண்டும் என்னும் கோட்பாடு நிலைபெற்றது. இக்கோட்பாட்டில் உயர்ந்த நோக்கம் இல்லாமலில்லை. சாரதிகளின் போட்டி மட்டுமன்றிப் பொறியியலாளரின் போட்டியுமாக இப்பந்தயம் விளங்க வேண்டும் என்பதே அந்நோக்கம். ஆயின் 1981இல் கார் ஒன்றைச் செய்வதும் இன்று செய்வதும் ஒன்றல்ல. இன்றைய காரின் வேகத்தைத் தீர்மானிப்பதில் அதன்மீது காற்றுப் பாயும் முறைக்குப் பெரும்பங்கு உண்டு. அதனை ஆராயக் காற்றுச் சுரங்கம் வேண்டும். ஆற்றல் மிகுந்த கணினிகள் வேண்டும். கணினி சொல்வதும் பாதையில் நிகழ்வதும் ஒத்துவருகின்றனவா என்று பல்லாண்டு பொருத்திப் பார்த்த அனுபவமும் வேண்டும். முன்னைய இரண்டையும் விலைக்கு வாங்கலாம். மூன்றாவதை வாங்க முடியாது. ஜப்பானின் டொயோட்டா கம்பனி 2002 முதல் 2009 வரை பணத்தை வாரியிறைத்தும் ஒரு பந்தயத்திலேனும் வெல்லவில்லை என்பது மனங்கொள்ளத் தக்கது.

பெருங் கம்பனிக்கே இந்நிலையெனின் எளிய புதியவர் பாடு சொல்லவேண்டுவதில்லை. 1997இல் லோலா என்னும் புகழ்பெற்ற கார்க் கம்பனி, அனுசரணையாளரின் அவசரத்தினால், ஓராண்டு முன்னதாகவே களத்தில் இறங்கியது. காற்றுச் சுரங்கத்தில் முறையாகச் சோதிக்கப்படாத அதன் கார்கள், மெல்பேர்ணில் தகுதிகாண் ஓட்டத்தையே தாண்டவில்லை. அக்குழுவின் வாழ்வும் அந்த ஒரு வாரத்தோடு முடிவுற்றது.

இதனினும் பெரிய பாடம் 2010ஆம் ஆண்டினது. செலவுக்கு நாலு கோடி பவுண் என்னும் உச்ச வரம்பு விதிக்கப்படும் என்ற வாக்குறுதியை நம்பிப் புதிய குழுக்கள் விண்ணப்பித்தன. 2009 யூன் மாதத்தில் மூன்று குழுக்கள் தெரிவாயின. செப்டெம்பரில் இன்னுமொன்று சேர்ந்தது. ஆனால் பழைய குழுக்கள் பிரிந்து போவோம் என்று அச்சுறுத்தவே, அவ்வரம்பு கைவிடப்பட்டது. முதற் பந்தயமோ அடுத்த மார்ச் மாதத்தில். ஒன்பது மாதத்தில் கட்டடம் தேடி, ஆள் சேர்த்து, காரை வரைந்து, செய்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, பருவத்தின் நடுவே சோதனை ஓட்டம் நடத்துவது 2009இலிருந்து தடைசெய்யப்பட்டிருந்தது. பழையவர் தடைக்கு முன்னரே பல்லாயிரம் மைல் ஓடிக் கற்றுவிட்டனர். புதியவர் கற்பதற்கு வழியில்லை.

விளைவு யாவரும் எதிர்பார்த்ததே. அமெரிக்கக் குழு களத்துக்கு வரவேயில்லை. வேர்ஜின் குழு காற்றுச் சுரங்கம் இன்றிக் கணினியை மட்டும் நம்பிச் செய்த காரில், முழுப் பந்தயத்துக்கும் போதுமான எரிபொருள் கொள்ளாத தாங்கி அமைந்துவிட்டது. எச்.ஆர்.ரி. எனப்பட்ட ஸ்பானியக் குழுவின் காரை இத்தாலியின் டலாரா நிறுவனம் செய்து கொடுத்தது. சென்னையிற் பிறந்த கருண் சந்தோக் அக்குழுவின் சாரதி. பஹ்ரேனில் அவருடைய கார் முதன்முதலாகப் பாதையில் ஓடியது பயிற்சியின்போதன்று, தகுதிகாண் ஓட்டத்தின்போதே. மறு ஆண்டு அதே குழுவுக்குக் கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் ஓட்டினார். மெல்பேர்ணில் அக்குழுவின் கார்கள் இரண்டும், முதல்வரின் நேரத்தில் 107 வீதத்துக்குள் வரவேண்டும் என்னும் விதிக்கு உட்படாமையால் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டன. 2012இலும் அதே திடலில் அதே விதி அதே குழுவை வாட்டியது. கார்த்திகேயன் ஆற்றலற்றவர் என்று சொல்வார் உளரோ? இந்தியாவிலிருந்து போர்மியுலா வன் பந்தயத்துக்குச் சென்ற முதல் சாரதி அவரே. அவரும் சந்தோக்கும் எத்தகைய சாரதிகள் என்பதை உலகம் முழுமையாக அறியும் வாய்ப்பே கிட்டாமற் போயிற்று. நல்லாசிரியர் கையில் உடைந்த சுண்ணக்கட்டியைக் கொடுத்துவிட்டு, அவர் எழுத்து அழகில்லை என்று குறைகூறுதல் தகுமா?

களத்துக்கு வந்த அம்மூன்று குழுக்களும் முதல் மூன்றாண்டுகளில் ஒரு புள்ளியேனும் பெறவில்லை. வேர்ஜின் குழுவின் வழிவந்த மருசியாவுக்கு 2014இல் மொனாக்கோவில் ஜூல்ஸ் பியான்கி பெற்றுத் தந்த இரண்டு புள்ளிகளே முதல் அறுவடை. எச்.ஆர்.ரி. 2012இன் முடிவிலும், லோட்டஸ் பெயரில் வந்து கேற்றராம் எனப் பெயர் மாறிய குழு 2014இன் முடிவிலும் மறைந்தன. மருசியா, மேனர் எனப் பெயர் கொண்டு 2016 வரை உயிர்தரித்தது. இன்று அம்மூன்றில் ஒன்றும் இல்லை.

விலைக்கு வாங்கும் வழி இடையிலே ஒருமுறை திறக்கப் பார்த்தது. பிரொட்ரைவ் என்னும் நிறுவனம் 2008இல் மக்லாரன் கார்களை வாங்கி ஓட்ட எண்ணி அனுமதியும் பெற்றிருந்தது. அவ்வாறு வாங்கி ஓட்டுதல் விதிக்கு முரண் என ஏனைய குழுக்கள் சில எதிர்த்தன. சட்டநிலை தெளிவுபெறாமையால் 2007 நவம்பரில் அம்முயற்சி கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களில் முன்னின்றது வில்லியம்ஸ் குழு. முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய காரோடு வாழ்வைத் தொடங்கிய அதே குழு! ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்தல் என்று நம் முன்னோர் கூறுவது இதனையன்றோ?

வில்லியம்ஸ் தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு எடுத்துரைத்தல் கடமை. ஒரு குழு நூற்றுக்கணக்கான பொறியியலாளருக்குச் சம்பளம் கொடுத்துத் தன் காரைச் செய்கிறது. மற்றொரு குழு சிறுதொகைக்கு அதனினும் சிறந்த காரை வாங்கி முன்னே ஓடுகிறது. இருவர்க்கும் பரிசுப்பணம் ஒன்றே எனின், செய்வோர் எதற்காகச் செய்யவேண்டும்? காலப்போக்கில் மூன்று பெருங் கம்பனிகள் செய்ய, ஏனையோர் வாங்க, களம் முழுவதும் ஒரே அச்சில் வார்த்த கார்களாகிவிடாதா? வாங்கிய குழு விற்ற குழுவுக்குக் கட்டுப்பட்டு, பாதையில் அதற்கு வழிவிடாதா? இவை வெறும் பொறாமைக் குரல்களல்ல. விடையிறுக்க வேண்டிய கேள்விகள்.

ஆனால் இக்கேள்விகளுக்கு அஞ்சி வாயிலை அடைத்ததனால் தூய்மை காக்கப்பட்டதா? இல்லை. வாங்குதல் வேறு பெயர்களில் வந்து நுழைந்தது. ரெட் புல் வடிவமைப்பில் உருவான காரோடு, 2008இல் மொன்சாவில் டோரோ ரொஸ்ஸோ குழுவுக்காக செபஸ்தியன் வெட்டல் வென்றார்; தலைக்குழுவான ரெட் புல்லின் முதல் வெற்றி அதற்குப் பிறகே வந்தது. வோக்கர் காலத்துக் கதை மீண்டும் நிகழ்ந்தது. 2016இல் வந்த அமெரிக்க ஹாஸ் குழு, எஞ்சின், கியர்ப்பெட்டி முதலாக விதி அனுமதிக்கும் பகுதிகள் பலவற்றை பெராரியிடம் வாங்கியது. அடிச்சட்டத்தை டலாராவிடம் செய்வித்தது. முதற் பந்தயத்திலேயே ரொமேன் குரொஜான் ஆறாமிடம் பெற்றார். முன்னைய மூன்று குழுக்கள் மூவாண்டு உழைத்தும் பெறாததை இக்குழு ஒரே நாளில் பெற்றது. 2020இலோ, ரேசிங் பொயின்ற் குழு முந்திய ஆண்டின் மெர்சிடிஸ் காரைப் பார்த்துத் தன் காரை வகுத்தது. பிறேக்குக்குக் காற்றுச் செலுத்தும் குழாய்களின் பொருட்டு அதற்கு நாலு லட்சம் யூரோ தண்டமும் 15 புள்ளி இழப்பும் விதிக்கப்பட்டன. நேர்வழியில் வாங்க இடமில்லாத இடத்தில், பாதி வாங்கலும் மறைவான பிரதியெடுத்தலும் பெருகுவது இயல்பேயாகும்.

சொந்தப் படைப்பு என்னும் சொல்லை நம் இலக்கிய வட்டங்களும் அடிக்கடி கையாள்கின்றன. அதனால் இவ்விடத்தில் ஒரு சொல். பிறர் சுவடியைப் பிரதிசெய்து கைபழகியவனே பின்னர் தன் நூலை எழுதினான். ஆசான் வகுத்த யாப்பிலே பாடிப் பழகியவனே பின்னர் அதனை மீறவும் துணிந்தான். பழகும் பருவத்திலேயே தனித்தன்மை எங்கே என்று கேட்பின் மாணவன் ஊமையாவான். ஆயுள் முழுதும் பிரதியே செய்துகொண்டிருப்பின் அவன் எழுத்தாளனாகான். பருவத்துக்குப் பருவம் விதி வேறாதல் வேண்டும் என்பதே கல்வியின் இலக்கணம்.

இவ்விலக்கணத்தையே பந்தயத்துக்கும் வைக்கலாம். புதிதாக வரும் குழு, முதல் மூன்றாண்டுகளுக்கு மட்டும், நிலைபெற்ற குழுவொன்றிடமிருந்து முழுக் காரையும் வாங்க விதி அனுமதிக்கட்டும். ஒரு குழு ஒருவருக்கு மேல் விற்கக்கூடாது என வரையறுக்கட்டும். களம் ஒரே அச்சாகிவிடும் என்ற அச்சம் அதனால் நீங்கும். வாங்கிய காரால் பெறும் பரிசுப்பணத்தில் பாதியைச் செய்வோர்க்குரிய நிதியில் சேர்க்கட்டும். சிறு குழுக்களின் முறைப்பாடு அதனால் தணியும். நான்காம் ஆண்டில் புதியவர் தம் காரோடு வரட்டும், அல்லாவிடின் விலகட்டும். வாங்கியவர் விற்றவர்க்கு வழிவிடுவர் என்ற ஐயத்துக்கு மோட்டார்ச் சைக்கிள் உலகம் விடை கூறியிருக்கிறது. அங்கே டுகாட்டி கம்பனியின் வண்டியைப் பெற்று ஓடிய பிரமாக் குழுவின் ஜோர்ஜ் மார்ட்டின், 2024இல் அக்கம்பனியின் சொந்தக் குழுவையே வென்று உலக வீரரானார்.

இது தாழ்ந்தோர்க்குச் சலுகை காட்டுவதாகும் எனச் சிலர் கூறலாம். சலுகை என்னும் கோட்பாட்டைப் போர்மியுலா வன் ஏற்கெனவே ஏற்றுள்ளது. 2021இலிருந்து செலவுக்கு உச்ச வரம்பு உண்டு. காற்றுச் சுரங்கத்தில் முதலிடக் குழுவுக்குக் குறைந்த நேரமும் கடைசிக் குழுவுக்குக் கூடிய நேரமும் ஒதுக்கப்படுகின்றன. உள்ளே இருக்கும் எளியவர்க்கு நீளும் கை, வாயிலில் நிற்பவர்க்கு நீளாதிருப்பது நீதியா?

வாயிலின் இன்றைய நிலையை அண்மை நிகழ்ச்சியொன்று காட்டும். அமெரிக்க அன்றெற்றி குழுவின் விண்ணப்பத்தை உலக மோட்டார்ச் சம்மேளனம் 2023 ஒக்டோபரில் ஏற்றது. 2024 சனவரியில் பந்தய வர்த்தக உரிமையாளர் அதனை மறுத்தனர். அக்குழு போட்டியிடத்தக்க தரத்தில் இராது என்பது அவர்கள் கூறிய காரணங்களில் ஒன்று. பின்னர் ஜெனரல் மோட்டோர்ஸ் என்னும் பெருங் கம்பனி முன்னின்று, கடிலாக் பெயரில், பெராரி எஞ்சினோடு தொடங்கிப் பின்னர் சொந்த எஞ்சினுக்கு மாறுவதாக உறுதி கூறியபோது, 2026ஆம் ஆண்டுப் பருவத்துக்கான அனுமதி கிட்டியது. முதலில் வாங்கிக் கற்றுப் பின் படைத்தல் என்னும் நெறியை அவர்களே இங்கு ஒப்புக்கொண்டனர். ஆயின் உலகப் பெருங் கம்பனிகளில் ஒன்றுக்கே ஒப்புக்கொண்டனர். நல்ல காரைத் தரமாட்டோம் என்று விதி செய்துவிட்டு, நல்ல கார் இல்லாதவன் வரலாகாது என்பது வினோதமான வாதம்.

இன்னொரு டிரெல், இன்னொரு வில்லியம்ஸ் எங்கோ ஒரு பட்டறையில் இருத்தல் கூடும். கோடி கோடியாய்ப் பணம் படைத்த கம்பனியின் துணையின்றி அவர் இவ்விளையாட்டினுள் அடியெடுத்து வைக்க இன்று வழியில்லை. திறமைக்கு எல்லை காண்பதே தன் நோக்கம் என்று கூறிக்கொள்ளும் விளையாட்டு, அத்திறமை உள்ளே வரும் வழியையும் திறந்து வைத்தல் வேண்டும். புதியவர் தோற்பதாயின் பாதையிலே தோற்கட்டும். வாயிலிலே தோற்க வேண்டாம்.